ரங்கன் கத்தி பிடித்தால் சோகம், எங்க ஊர்ப் பையன் பிடித்தால்?

பட்டணத்து நண்பர்களே, இது கொஞ்சம் சண்டைக்கான பதிவு.

"வேலையை உதறிட்டு ஊருக்கு வந்து விவசாயம் பண்ணப்போறேண்ணே" என்று மாசத்துக்கு ரெண்டு பேராவது எனக்குப் போன் போடுகிறார்கள். பெரும்பாலும் ஏதோ ஒரு சினிமா பார்த்த கையோடு. படத்தில் ஹீரோ ஊர் திரும்புவான், ஒரு பாட்டு முடியறதுக்குள்ள கதிர் முத்திடும். குறுவைக்கே நூறு நாளுக்கு மேல ஆகும் சாமி.

அவர்களிடம் 1980ல் பாலசந்தர் எடுத்த 'வறுமையின் நிறம் சிவப்பு' படத்தை இன்னொரு தடவை பாருங்கள் என்பேன். டெல்லியில் வேலை தேடும் நண்பர்கள். பட்டம் இருக்கு, அரிசி இல்லை. ஸ்ரீதேவி வந்த நேரம், சாப்பிடுவது மாதிரி நடிப்பார்களே, அந்தக் காட்சிக்கு முதலில் சிரிப்பு வரும், அப்புறம் தொண்டை அடைக்கும். பசியை அதைவிட நேர்மையாக நம்ம சினிமா காட்டியது குறைவு.

கடைசியில் கமல், அதாவது ரங்கன், முடிவெட்டும் வேலைக்குப் போகிறான். 'படிச்சவனுக்கு இந்தக் கதியா' என்று நாற்பது வருஷத்துக்கு மேல உச்சுக்கொட்டிட்டிருக்கோம். எனக்குக் கோபம் வர்ற இடம் இதுதான். எங்க பக்கத்துல தலைமுறை தலைமுறையாகக் கத்தி பிடித்த குடும்பத்துப் பையன் டிகிரி முடித்தும் அதே கத்தியைப் பிடித்தால், அதற்கு யாராவது பின்னணி இசை போட்டிருக்கிறோமா? சங்கீத வித்வான் மகனுக்கு அது துணிச்சல். இவனுக்கு அது கழுத்துல கட்டின கயிறு. படம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. ஆனாலும் ரங்கன் ஜெயித்துவிட்டதாக மாலை போடவில்லை பாருங்க, அதற்காக அந்தப் படத்தை மதிக்கிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பி. ஊர் பேர் வேண்டாம். இன்ஜினியரிங் படிச்சவன், சென்னையில் வீடு வீடாகச் சாப்பாட்டு டெலிவரி பண்றான். வீட்டில் ஐ.டி. கம்பெனி என்று சொல்லி வைத்திருக்கிறான். பொங்கலுக்கு வந்தப்ப கழுத்துல அடையாள அட்டை வேற. பைக்ல தூக்கிட்டுப் போறது சோறுதானேடா, உங்க அப்பன் விளைய வைக்கிறதும் அதைத்தானே, இதில் என்னடா வெட்கம் என்றேன். "பொண்ணு பார்க்கிறாங்க சித்தப்பா" என்றான். அதற்கு மேல் நான் என்ன பேச?

சரி, ஊருக்கே வரட்டும் என்பீர்கள். வந்தால்? 2025-26 பருவத்தில் சாதா ரக நெல்லுக்கு ஊக்கத்தொகையும் சேர்த்துக் குவிண்டால் 2,500 ரூபாய். 40 கிலோ சிப்பம் ஆயிரம் ரூபாய். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் மறுபடி காய வைக்கணும். காய வைக்க வெயில் வேணும், நமக்கோ ஐப்பசி. இதெல்லாம் சமாளித்தாலும், வயலில் இறங்குகிற மாப்பிள்ளைக்குப் பெண் கொடுக்க ஆள் கிடையாது. விவசாயி வீட்டிலேயே கொடுக்க மாட்டார்கள். அங்கேயும் உண்மையைச் சொல்ல முடியாமல், இங்கேயும் திரும்ப முடியாமல் நிற்கிறானே, அவனை வைத்து யாராவது படம் எடுங்கப்பா. கலப்பையைத் தோளில் வைத்து ஸ்லோ மோஷன் நடை மட்டும் வேண்டாம்.

அப்புறம், அடுத்து போன் போடப்போகிறவருக்கு. தாராளமா வாங்க. வேலையை விடுறதுக்கு முன்னாடி நாலு நாள் லீவு போட்டு ஐப்பசியில வாங்க. கொள்முதல் நிலைய வாசலில் நெல் குவியலுக்குப் பக்கத்திலேயே படுக்கலாம். தார்ப்பாய் என்னிடம் இருக்கு, கொசுவலை நீங்க கொண்டுவாங்க.