காசு கொடுத்தா அட்டெண்டன்ஸ்! காலேஜ் பக்கமே போகாத பி.எட். பட்டம் வேலைக்கு உதவுமா?

சேலம்:-

பிள்ளையை டீச்சர் ஆக்கிப் பார்க்கணும் என்று நகையை அடகு வைத்து பி.எட். சேர்த்து விடும் குடும்பங்கள் ஏராளம். "தினமும் வர வேணாம், கொஞ்சம் கூடுதலா கட்டுங்க, அட்டெண்டன்ஸை நாங்க பார்த்துக்கறோம்" என்று சில தனியார் கல்லூரிகள் ஆசை காட்டுவதாக தமிழகத்தில் பல வருஷமாகவே புகார் உண்டு. இதை நம்பிச் சேர்ந்தால் கடைசியில் நஷ்டம் யாருக்கு?

விதி என்ன?

முன்பு பி.எட். ஒரே வருஷப் படிப்பு. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014-ல் கொண்டு வந்த விதிப்படி, 2015-16 முதல் 2 வருஷம் ஆனது. வருஷத்துக்கு 200 வேலை நாள். 80 சதவீத வருகை கட்டாயம். அதாவது 160 நாள் வந்தே தீரணும்.

பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திப் பழகும் பயிற்சிக்கு கிடுக்கிப்பிடி இன்னும் அதிகம். முதல் வருஷம் 4 வாரம், 2-ம் வருஷம் 16 வாரம், மொத்தம் 20 வாரம். இதற்கு 90 சதவீத வருகை வேண்டும். வாரம் 5 நாள் என்று வைத்தால், 100 நாளில் 10 நாள்தான் லீவு போடலாம்.

ஓட்டை எங்கே?

எழுத்துத் தேர்வை நடத்துவது தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம். டெஸ்ட், அசைன்மென்ட் போன்றவற்றுக்கு இன்டர்னல் மார்க் போடுவது கல்லூரி. வருகைப் பதிவேடும் கல்லூரி கையில்தான். கட்டணம் வாங்குகிற இடமே ஆஜர் போட்டு மார்க்கும் போட்டால், வராதவர் பெயர் பதிவேட்டில் ஏற எவ்வளவு நேரமாகும்?

டெட்டில் தெரியும் சாயம்

இன்டர்னல் மார்க்கை வைத்து டெட் தேர்வில் தப்ப முடியாது. 150-க்கு 60 சதவீதம், அதாவது 90 மார்க் என்பதுதான் பொதுவான கணக்கு. இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு சலுகை உண்டு. 2012 ஜூலையில் நடந்த தமிழகத்தின் முதல் டெட் தேர்வை 6 லட்சம் பேருக்கு மேல் எழுதியும், பாஸ் ஆனவர்கள் 2,448 பேர்தான். ஒன்றரை மணி நேரம் போதவில்லை என்ற குமுறலுக்குப் பிறகு 3 மணி நேரம் ஆக்கினார்கள்.

டெட் பாஸ் பண்ணினாலும் உடனே வேலை கிடையாது. 2018-ல் வந்த அரசாணைப்படி அரசுப் பள்ளி வேலைக்கு தனியாக இன்னொரு போட்டித் தேர்வும் எழுதணும். 1 முதல் 5-ம் வகுப்பு வரை பாடம் நடத்த பி.எட். தகுதி ஆகாது என்று 2023 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டதும் குறிப்பிடத்தக்கது.

ஏழைக்கு வழி இல்லை

இதில் இன்னொரு பக்கமும் இருக்கு. பகலில் ஜவுளிக்கடையிலோ கம்பெனியிலோ வேலை பார்த்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும் என்ற நிலையில் உள்ளவர்கள் 160 நாள் எப்படி வருவார்கள்? தபால் வழி பி.எட்.டும் ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்குத்தான். நேர் வழி அடைபட்டதால்தான் பலர் குறுக்கு வழிக்குப் போகிறார்கள். இவர்களுக்கு உதவித்தொகை கொடுத்து வகுப்பில் உட்கார வைக்காமல், விதியை மட்டும் இறுக்கினால் லாபம் புரோக்கர்களுக்குத்தான்.

சேரும் முன் உஷார்

கல்லூரிக்கு என்.சி.டி.இ. அங்கீகாரம், பல்கலைக்கழக இணைப்பு இரண்டும் இருக்கா என்று பாருங்க. பயிற்சிக்கு எந்தப் பள்ளிக்கு அனுப்புவாங்க என்று கேளுங்க. "வரவே வேணாம்" என்று சொன்னால் அந்த இடமே வேணாம். சேர்ந்த நாளில் இருந்து 3 வருஷத்துக்குள் படிப்பை முடிக்கணும் என்பதும் விதி.

ஆஜரை விலைக்கு வாங்கி விடலாம். ஆனால் 40 பிள்ளைகள் முன்னால் நின்று பாடம் நடத்தும் தைரியத்தை எந்தப் புரோக்கரும் விற்க மாட்டார். அந்த வகுப்பில் உட்காரப் போவதும் நம்ம வீட்டுப் பிள்ளைகள்தான்.