பரிசு பெற்ற மறுப்பு

பொருளியல் கற்பித்தவன் புவியீர்ப்பைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் ரோஜர் பாப்சன். 1929-ஆம் ஆண்டுப் பங்குச்சந்தைச் சரிவை முன்கூட்டியே எச்சரித்தவர் என எங்கள் துறையினர் அறிந்த அமெரிக்கர். இளம் வயதில் சகோதரி நீரில் மூழ்கி இறந்ததற்குப் புவியீர்ப்பையே அவர் குற்றவாளியாக்கினார். அதைத் தடுக்கும் பொருளைக் கண்டறிய 1948-இல் அறக்கட்டளை நிறுவி, கட்டுரைப் போட்டியும் நடத்தினார்.

1953-இல் முதல் பரிசு பெற்ற இளம் இயற்பியலர் பிரைஸ் டிவிட் எழுதியது என்ன தெரியுமா? அத்தகைய பொருளைத் தேடுவதே வீண் என்று! புரவலரின் கனவை மறுத்தவருக்கே 1,000 டாலர். 1971-இல் ஸ்டீபன் ஹாக்கிங்கும் அப்பரிசைப் பெற்றார்.

கனவு மட்டும் கைகூடவில்லை. எதிர்ப்பொருளாவது மேலே எழும்பும் என்று நம்பியோர் இருந்தனர். 2023-இல் செர்ன் ஆய்வகத்தின் ஆல்ஃபா குழு எதிர்-ஹைட்ரஜன் அணுக்களைக் காந்தப் பொறியிலிருந்து விடுவித்தது. அவையும் கீழேதான் விழுந்தன.

மாற்று ஈர்ப்புக் கொள்கைகளை இதனோடு குழப்புவது தவறு. 1983-இல் மில்குரோம் முன்வைத்தது, விண்மீன் மண்டலங்களின் ஓரங்களில் ஈர்ப்பு ஏன் எதிர்பார்த்ததைவிட வலுவாகத் தெரிகிறது என்பதற்கான விளக்கம். அதைக் கொண்டு எந்த ஊர்தியும் மிதக்காது. எனினும் அக்கொள்கையின் பெயரைச் சொல்லி ‘எதிரீர்ப்பு இயந்திர’த்துக்கு முதலீடு கேட்டு ஒருவர் வந்தால், நான் சமன்பாடுகளைப் பார்க்கமாட்டேன், அவை எனக்குப் புரியா. ‘உங்கள் இலக்கே தவறு’ என்று நிறுவும் ஆய்வாளருக்கும் அத்திட்டத்தில் ஊதியம் உண்டா என்றே கேட்பேன். பாப்சனிடம் இருந்தது.