பணம் எடுக்கலாம், புத்தகம்?

சேலத்துக் கிளையில் போட்ட பணத்தை வடமாலபேட்டையில் எடுக்கலாம். நான் தினமும் பார்க்கும் வேலை இது. புத்தகத்துக்கு மட்டும் ஏன் இந்த வசதி வரவில்லை?

பட்டியல் இருக்கிறது, மக்களே. 1991-ல் யுஜிசி தொடங்கிய இன்ஃப்ளிப்நெட், பல்கலைக்கழக நூலகங்களின் இருப்பை 'இண்ட்கேட்' என்று ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறது. இணையத்தில் யாரும் தேடலாம், காசு கிடையாது. எந்த நூல் எந்த ஊரில் என்று தெரிந்துவிடும். சிக்கலே அதற்குப் பிறகுதான். கடன் தருவதும் நகல் தருவதும் அந்தந்த நூலகத்தின் மனசு. (ஆய்வேடுகளுக்கு 'சோத்கங்கா' இருக்கிறது, அதுவரை புண்ணியம்.) திருப்பதியில் ஆராய்ச்சி செய்யும் தமிழ்ப் பிள்ளை ஒரு பழைய நூலுக்காக மதுரைக்கு பஸ் ஏறணுமா?

அமெரிக்காவில் ஒஹையோ கல்லூரிகள் 1967-ல் ஓசிஎல்சியைத் தொடங்கின. 1979-லேயே கடன் கேட்பதையும் அதே கணினியில் சேர்த்துவிட்டார்கள்.

நூலகர்களைக் குறை சொல்லவில்லை. புத்தகம் தொலைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தானே! தபால் செலவு யாருடையது, தொலைந்தால் யார் கட்டுவது, இதற்கு வங்கிகளின் கிளியரிங் மாதிரி ஓர் ஏற்பாடு வேண்டும். யுஜிசி மானியம் வாங்கும் நூலகத்துக்கு இதை நிபந்தனையாகவே வைக்கலாம் என்பது என் கட்சி.

உங்கள் வீட்டுப் பிள்ளை திருப்பதியில் படித்தால், வெளியூர் நூலை வரவழைக்க முடியுமா என்று நூலகத்தில் கேட்கச் சொல்லுங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.