மலைக்குச் செல்ல அனுமதி கேட்கும் பிள்ளைகள்



"அத்தா, ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போய் வரட்டுமா?" என்று வேலைக்குச் செல்லும் மகனோ மகளோ கேட்டால் என்ன விடை சொல்வீர்கள்? ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் வாழும் குடும்பங்களிலும், அங்கே பிள்ளைகளைப் பணிக்கு அனுப்பியுள்ள வெளியூர்க் குடும்பங்களிலும் இக்கேள்வி எழுகிறது. பல இல்லங்களில் "வேண்டாம்" என்னும் ஒரே சொல்லோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அச்சொல்லைச் சற்றே ஆராய்ந்து பார்ப்போம்.

1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உருவாகத் தொடங்கிய பின்னர், இப்பகுதியின் வயல்வெளிகள் தொழிற்கூடங்களாக மாறின. வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காக 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். ஷிப்ட், விடுதி, நிறுவனப் பேருந்து, மீண்டும் ஷிப்ட் என ஆறு நாட்கள் சுழலும் இளைஞருக்கு, ஏழாம் நாளில் ஒரு மரநிழலையும் சிறு காற்றையும் தேடத் தோன்றுவது இயற்கையே. அதில் குற்றம் ஏதுமில்லை.

பெற்றோரின் அச்சமும் பொருளற்றதன்று. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் 2018 மார்ச் 11 அன்று நேர்ந்த காட்டுத்தீயை நாம் மறக்க இயலுமா? மலையேற்றத்திற்குச் சென்றிருந்தவர்களைக் காய்ந்த புல்லில் பற்றிய தீ சூழ்ந்துகொண்டது. 23 உயிர்கள் பறிபோயின. சென்னையிலிருந்து சென்ற இளம்பெண்களும் அவர்களுள் இருந்தனர். அவர்களும் படித்தவர்கள், வேலையில் இருந்தவர்கள், யாரோ பெற்று வளர்த்த பிள்ளைகள்.

ஆயினும் அந்நிகழ்ச்சி நமக்குக் கற்பிக்கும் பாடம் "மலைக்கே போகாதே" என்பதன்று. அறிந்தவர் துணையோடும், உரிய காலத்தில், உரிய அனுமதியோடும் செல்ல வேண்டும் என்பதே பாடம். தீ மேட்டை நோக்கி விரைந்து ஏறும் இயல்புடையது. கீழே எழும் வெப்பம் மேலே உள்ள புல்லை முன்னரே உலர்த்திவிடுவதே அதற்குக் காரணம். அச்சத்தில் மேல்நோக்கி ஓடுகிறவரைத் தீ துரத்திப் பிடித்துவிடும். எரிவதற்கு ஏதுமில்லாத வெறும் பாறையையோ ஓடையையோ நாட வேண்டும் என்பது காட்டை அறிந்தவருக்குத் தெரியும். நகரத்திலிருந்து சென்றவர் அதனைப் புத்தகத்தில் படித்திருந்தாலும், அந்தப் பாறை எத்திசையில் உள்ளது என்பதை எங்ஙனம் அறிவார்?

"வேண்டாம்" என்று தடுத்துவிட்டால் ஆபத்து நீங்கிவிடும் என்றும் எண்ணிவிடாதீர்கள். வீட்டில் சொல்லாமல், இரவு ஷிப்ட் முடிந்த கையோடு, உறக்கமற்ற கண்களுடன் பைக்கில் கிளம்பும் இளைஞர்களை நாம் காண்கிறோம். வழி தெரியாத காட்டிற்குள் நுழைகிறார்கள். ஆழம் தெரியாத அருவிக் குட்டைகளில் குதிக்கிறார்கள். எங்கே போனார்கள் என்பதைச் சொல்லக்கூட வீட்டில் ஒருவர் இருப்பதில்லை. தடை அவர்களை வீட்டில் நிறுத்தவில்லை. வழிகாட்டி இல்லாமல் அனுப்பி வைத்தது, அவ்வளவே.

இன்று நல்லதொரு வழி திறந்திருக்கிறது. குரங்கணித் துயருக்குப் பின் அவ்வாண்டே மலையேற்றத்தை முறைப்படுத்தும் விதிகளைத் தமிழக அரசு வகுத்தது. 2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளுடன் 'ட்ரெக் தமிழ்நாடு' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. பாதைகள் எளியவை, நடுத்தரமானவை, கடினமானவை என வகுக்கப்பட்டுள்ளன. முன்பதிவு செய்தால், பழங்குடியினர் உள்ளிட்ட உள்ளூர் இளைஞர்கள் வழிகாட்டிகளாக உடன் வருகிறார்கள். 2025இல் காட்டுத்தீப் பருவத்தை முன்னிட்டு மலையேற்றம் நிறுத்தி வைக்கப்பட்டது. "இப்போது போகக் கூடாது" என்று சொல்லத் தெரிந்த ஏற்பாடே நம்பத்தக்க ஏற்பாடு அல்லவா?

அப்பாதைகளுள் ஒன்று உங்கள் அருகிலேயே உள்ளது. திருவள்ளூர் சென்று, பூண்டி நீர்த்தேக்கப் பகுதியைக் கடந்தால் குடியம் குகைகளுக்குச் செல்லும் காட்டுப்பாதை வரும். அதற்கு அண்மையில்தான் கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் அத்திரம்பாக்கம் என்னும் சிற்றூர் இருக்கிறது. 1863இல் இராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே கற்கருவிகளைக் கண்டெடுத்தார். சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும் நிகழ்த்திய ஆய்வு, அங்குள்ள கற்கோடரிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் பழைமையானவை என்று 2011இல் அறிவித்தது. நாள்தோறும் இயந்திரத்தின் முன் நின்று பொருள்களை ஆக்கும் உங்கள் பிள்ளை, கூழாங்கல்லைச் செதுக்கிக் கருவி ஆக்கிய கைகள் உலவிய மண்ணில் ஒரு நாள் நடக்கட்டும். தன் உழைப்பு எத்துணை நீண்ட வரலாறு உடையது என்பதை அந்த மண் அவனுக்குச் சொல்லும்.

ஆதலால் அனுமதி கேட்கும் பிள்ளையிடம் நான்கு கேள்விகளை மட்டும் கேளுங்கள். வனத்துறையின் அனுமதி உண்டா? வழிகாட்டி யார்? முந்திய இரவு உறங்கினாயா? எத்தனை மணிக்குத் திரும்புவாய்? இந்நான்கிற்கும் தெளிவான விடை கிடைத்தால் மகிழ்வோடு அனுப்புங்கள். கட்டுச்சோறும் போதிய தண்ணீரும், காலைக் கவ்விப் பிடிக்கும் காலணியும் இருக்கட்டும். பிளாஸ்டிக் உறை ஒன்றைக்கூடக் காட்டில் விட்டுவர வேண்டாம் என்று சொல்லியனுப்புங்கள். லுஹர் நேரம் வழியில் வரும்; கையிலுள்ள தண்ணீர் குடிப்பதற்கு மட்டுமே போதும் என்றால் தயம்மும் செய்ய மார்க்கம் இடமளிக்கிறது என்பதையும் நினைவூட்டுங்கள்.

பெண்மக்களை அனுப்பத் தயங்குகிறீர்களா? அப்படியானால் எளிய பாதை ஒன்றைத் தேர்ந்து, குடும்பமாக நீங்களும் உடன் செல்லுங்கள். மகள் ஆறு நாள் உழைத்து ஈட்டுவதை இல்லத்திற்காகப் பெற்றுக்கொள்ளும் நாம், அவளுடைய ஏழாம் நாளில் சில மணி நேரத்தை அவளோடு நடந்து கழிப்பது பெரிய செலவாகுமா? எண்ணிப் பாருங்கள்.