பரங்கிமலைப் படிகள்

நகரத்தில் வசிக்கும் மாணவர்க்கு மலையேற்றம் என்றவுடன் நீலகிரியும் கொடைக்கானலுமே நினைவுக்கு வருகின்றன. விடுமுறையும் பொருளும் வேண்டிய அப்பிரயாணங்களை நாம் குறை கூறுவதற்கில்லை. ஆயினும், மின்சார ரயிலிலோ மெட்ரோவிலோ சென்று இறங்கி, அதிக சிரமமின்றி ஏறி முடிக்கத்தக்க பரங்கிமலை சென்னையிலேயே இருக்க, அதனை ஒரு முறையேனும் கால்நடையாய் ஏறிப் பாராதவர் நம்முள் அநேகர் என்பது வியப்பன்றோ? சிலர் ஏறியதாகச் சொல்வர். வினவுங்கால், மோட்டார் சைக்கிளில் உச்சிக்குப் போய், தம் முகத்தைப் புகைப்படம் பிடித்துக்கொண்டு திரும்பினர் என்பது புலனாகும். நகரம் அப்பொழுது அவர்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

அம்மலையின் உயரம் ஏறத்தாழ 300 அடியே. இதுவும் ஒரு மலையோ என்று நகைப்பாரும் உளர். நமது அபிப்பிராயத்தில் அக்குறைவே அதன் சிறப்பு. பெருமலைச் சிகரத்தினின்று நோக்கினால் ஊர்கள் புள்ளிகளாய்த் தேய்ந்து போம். இங்கோ வீதி, பாலம், ஏரி என்று பெயர் சொல்லி அறியலாம். கிழக்கே கட்டடங்களினிடையே பசுமையாய்த் தோன்றுவது கிண்டிக் காடு. 2.7 சதுர கிலோமீட்டர் அளவே பரப்புடைய அச்சிறு வனத்தில் இன்றும் வெளிமான்கள் மேய்கின்றன. அதற்கப்பால் கடல் ஒரு கோடு. தென்மேற்கில், எறிந்த கல் போய் விழும் தூரம் போல மயக்குவது மீனம்பாக்கம் விமான நிலையம்.

வேடிக்கை பார்ப்பதால் விளையும் பயன் யாது என வினவுவார்க்கு, அவ்விமான நிலையத்தையே விடையாகக் காட்டுவோம். அதன் ஓடுபாதைகளுள் ஒன்று அடையாற்றின்மீது பாலமமைத்து நீட்டப்பட்டுள்ளது. 2015ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில் அவ்வாறு பெருகியபோது விமான நிலையம் சில நாள் மூடுண்டு கிடந்தமை யாவரும் அறிந்ததே. ஆனால் ஆறு எவ்வழியே வருகின்றது, எங்கே நெருக்குண்கின்றது, அதன் கரையில் எத்தகையோர் குடியிருக்கின்றனர் என்பவற்றைத் தெருவில் நின்று ஒருசேரக் காணல் இயலாது. தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் திசையையும் நோக்குக. 2022ஆம் ஆண்டில் ராம்சார் உடன்படிக்கைப் பட்டியலிற் சேர்க்கப்பெற்ற அந்நிலத்தைக் குப்பைமேடும் சாலைகளும் கட்டடங்களும் எவ்வளவு குறுக்கிவிட்டன! பூகோள வகுப்பில் ஒரு மாதம் பாடங்கேட்டும் விளங்காதது இங்கு ஒரு காலைப்பொழுதில் விளங்கும்.

படிகளும் அறியத்தக்கவையே. 18ஆம் நூற்றாண்டில் இவற்றை அமைப்பித்தவர் பெட்ரஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனிய வணிகர். சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே பாலங் கட்டுவித்தவரும் அவரே. உச்சியிலுள்ள தேவாலயம் போர்த்துகீசியரால் 1523இல் கட்டப்பெற்றது. 1802இல் வில்லியம் லாம்ப்டன், 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியை ஏறத்தாழ 400 முறை நிலத்திற் கிடத்தி, இம்மலையின் அருகே ஏழரை மைல் அடிக்கோடு அளந்தார். பாரத தேசத்தை இமயம்வரை அளந்த பெருவேலை இங்கிருந்து வளர்ந்ததென்பது நம் மாணவர் எத்துணைப் பேருக்குத் தெரியும்?

இனி, நம்மை வருத்தும் காரியத்திற்கு வருவோம். 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்துச் செம்பூரான் சரளையில் ஆதி மனிதரின் கற்கருவியைக் கண்டெடுத்தார். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்பாரது கல்லறைப் பலகையும் பல்லாவரத்துக் கல்லும் ஓரினமெனக் கண்டு, 1893இல் தாமஸ் ஹாலந்து என்னும் பூகர்ப்ப சாஸ்திரியார் அவ்வினத்திற்குச் சார்னோக்கைட் எனப் பெயரிட்டார். உலகத்துப் பூகர்ப்ப நூல்களிலெல்லாம் வழங்கும் கல் அது. அதைத் தந்த பல்லாவரம், திரிசூலம் குன்றுகளோ கல்லுடைப்பாற் பெரிதும் சிதைந்தன. வெட்டிய குழிகளில் நீர் தேங்கிக் கிடக்கின்றது. நகரத்திற்கு ஜல்லி வேண்டும் என்பதை மறுக்கோம். நாம் வசிக்கும் வீடுகளும் அக்கல்லாலானவையே. ஆயினும் எஞ்சிய குன்றுகளை இனித் தொடலாகாது என்பதும், அவற்றின்மேற் பொதுமக்கள் நடந்தேறப் பாதை வேண்டும் என்பதும் நமது துணிபு. ஏறிப் பழகாத குன்று மறைந்தால் அதை எண்ணி வருந்துவார் எவருமிரார்.

ஆகவே சரித்திர ஆசிரியரும் பூகோள ஆசிரியரும் ஆண்டுதோறும் முதல் வகுப்பு மாணவரை இங்கே அழைத்து வருதல் நலம். செலவு ரயில் கட்டணமே. மேலே வழிபடுவோர் இருப்பர், கூச்சல் வேண்டா. தண்ணீர் எடுத்துச் செல்க. வெயிலேறியபின் கற்படிகள் காலைச் சுடும். மார்கழிப் பனிமூட்டத்தில் கடல் தெரியாது. மழை ஓய்ந்த மறுநாட் காலையே தக்க சமயம்.