சொற்களின் சுற்றம்

ஒரு சொல்லைக் கூறியவுடன் அதனொடு தொடர்புடைய பிற சொற்களையும் நிரல்பட எடுத்துரைத்தல் பண்டைத் தமிழாசிரியர்க்குக் கைவந்த கலையாகும். அதற்குத் துணை நின்றவை நிகண்டுகள். திவாகரம் என்னும் நிகண்டு பன்னிரண்டு தொகுதிகளை உடையது. தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப் பெயர் என்று செல்லும் அதன் அடைவில் ஒரு பொருள் குறித்த பல சொற்கள் ஓரிடத்தே கூடியிருக்கும். பல பொருள் தரும் ஒரு சொல்லுக்கெனப் பதினோராந் தொகுதி தனியே அமைந்துள்ளது. ஆங்கிலச் சொற்களைப் பொருள்வகையால் தொகுத்துப் பீட்டர் மார்க் ரோஜே என்பார் 1852-இல் வெளியிட்ட நூலும் ஏறக்குறைய இவ்வினத்ததே. இந்நூல்களிலெல்லாம் சொற்களின் உறவைத் துணிந்தவன் மனிதன்.

இந்நாளில் அப்பணியைக் கணினியின் மென்பொருளும் மேற்கொண்டுள்ளது. ஏரியைப் பற்றிய கட்டுரை ஒன்றை ஒருவர் கணினியிற் படித்து முடிக்குமுன், பாசனம் பற்றியும் மழைநீர் பற்றியும் உள்ள வேறு கட்டுரைகளை அஃது அருகே நிறுத்திக் காட்டுகின்றது. ஏரியை அது கண்டதுமில்லை. அதன் நீரைப் பருகியதுமில்லை. பின், இவ்வுறவை எங்ஙனம் அறிந்தது? எண்ணி அறிந்தது. ஈண்டு எண்ணுதல் என்பது சிந்தித்தலன்று. ஒன்று, இரண்டு எனக் கணக்கிடுதலேயாம்.

'என்று', 'ஒரு', 'அந்த' போன்ற சொற்கள் எல்லாக் கட்டுரைகளிலும் பயில்வன. இரு கட்டுரைகளில் அவை ஒருங்கே வருதலால் பெறப்படுவது ஒன்றுமில்லை. ஆனால் 'மதகு', 'கலிங்கு' என்னும் சொற்கள் சில கட்டுரைகளிலேயே காணப்படும். இரண்டில் அவை ஒருங்கே வரின், அவ்விரண்டும் ஏரிப்பாசனம் பற்றியன என்று கொள்வது பெரும்பாலும் பிழையாகாது. இங்ஙனம் அருகி வரும் சொல்லுக்கு மிகுந்த மதிப்பளிக்கும் கணக்கு முறையைக் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்னும் ஆங்கிலப் பெண்ணறிஞர் 1972-இல் எடுத்துரைத்தார்.

தனிச் சொற்களின் உறவை அறியும் வழி வேறு. ஒரு சொல்லின் பொருளை அதன் அண்டையில் வரும் சொற்களைக் கொண்டு உணரலாம் என்று ஃபிர்த் என்னும் மொழியறிஞர் 1957-இல் கூறினார். அக்கருத்துக்கு இயைந்த முறையொன்றைக் கூகுள் நிறுவன ஆய்வாளர் 2013-இல் மென்பொருளாக்கினர். அதில் ஒவ்வொரு சொல்லும் சில நூறு எண்கள் கொண்ட வரிசையாக மாறும். ஒத்த அண்டை உடைய சொற்களின் எண்வரிசைகள் தம்முள் நெருங்கி நிற்கும். பன்னூறாயிரம் தொடர்களைச் சிறுபொழுதில் ஆராய்ந்து இவ்வேலையை முடிக்கும் ஆற்றல் போற்றத்தக்கதே.

ஆயினும், அண்மை வேறு, ஒப்புமை வேறு. 'தேர்தலில் வெற்றி', 'தேர்தலில் தோல்வி' என இரண்டும் ஒரே சூழலில் வழங்குதலால், வெற்றிக்கு மிக நெருங்கிய உறவாகத் தோல்வியை மென்பொருள் காட்டக்கூடும். நிகண்டில் 'திங்கள்' என்பது மதி, நிலவு என்பவற்றொடு கூடியிருக்கும். செய்தித்தாள்களை மட்டும் பயின்ற மென்பொருளோ அதனைச் செவ்வாய், புதன் என்னும் கிழமைகளொடு சேர்க்கும். தொடரின் சூழல் நோக்கி ஒரு சொல்லின் பொருளை வேறுபடுத்தும் திறம் பின்வந்த மென்பொருள்களுக்கு உண்டு. அவையும் தாம் பயின்ற நூல்களின் அளவே அறிவன.

ஈ, தா, கொடு என்பன ஒருபொருட் சொற்கள் போலத் தோன்றும். தாழ்ந்தோன் இரக்குங்கால் ஈ எனவும், ஒத்தோன் தா எனவும், உயர்ந்தோன் கொடு எனவும் கூறுவன் என்று தொல்காப்பியம் வரையறுக்கின்றது. இவ்வேறுபாடு இன்றைய வழக்கில் மங்கிவிட்டமையால், இன்றைய எழுத்தை மட்டும் எண்ணும் மென்பொருள் அதனைக் காணாது. ஆகவே, கட்டுரை எழுதும் மாணவன் மென்பொருள் நீட்டும் சொற்பட்டியலில் முதலாவதை எடுத்துப் பொருத்துதல் தகாது. பட்டியலை அது தரலாம். தெரிவு எழுதுவோனுக்கே உரியது.

தமிழில் மற்றோர் இடர்ப்பாடும் உளது. 'மரம்' என்பது ஐயுருபு ஏற்கும்போது மகரம் கெட்டு, அத்துச் சாரியை பெற்று, 'மரத்தை' என்றாகும். மரத்தால், மரத்தின், மரங்களில் எனப் பெருகும் வடிவங்கள் யாவும் ஒரு சொல்லின் கிளைகள் என்பதை அறியாத மென்பொருள் அவற்றை வெவ்வேறு சொற்களாக எண்ணிக் கணக்கிழக்கும். ஆதலின் தமிழுக்கு மென்பொருள் செய்வார்க்குப் புணர்ச்சி இலக்கணமும் பகுபத இலக்கணமும் இன்றியமையாதன. தேர்வு முடிந்ததும் இவற்றை மறந்துவிடத் துடிக்கும் மாணவர் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம். (ஈண்டு எண்ணுதல் சிந்தித்தலே.)

இனி, நூல்களைப் பரிந்துரைத்தல் பற்றி ஒன்று. சீர்காழியிற் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராய் விளங்கிய எஸ். ஆர். அரங்கநாதன் 1933-இல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். அம்முறையில் பொருளுறவே நூலின் இடத்தை உறுதி செய்கின்றது. ஒரு நூலை எடுக்க நீளும் கை அதன் இனத்து நூல்களையும் தொடும். பல்லாண்டு எவரும் பிரிக்காத நூலும் ஆங்கே தன் இடத்தில் நிற்கும். மென்பொருள்கள் பலவோ பொருளுறவொடு, முன்னர்ப் படித்தோர் அடுத்து எதனைப் படித்தனர் என்பதனையும் எண்ணுகின்றன. பலர் சென்ற வழியே மேலும் பலரை அவை செலுத்துகின்றன. எவரும் திறவாத நூல் அவ்வெண்ணிக்கையில் ஏறுவதில்லை. ஏறாமையால் அது பரிந்துரைக்கப்படுதலும் அரிதாகின்றது.