உறங்கும் பயிற்றுநர், ஓட்டும் மாணவர்

அமெரிக்காவில் 2025ஆம் ஆண்டு முழுவதும் லாரி ஓட்டுநர்கள் செய்தியில் இருந்தார்கள். ஆங்கிலம் அறியாத ஓட்டுநர்களைப் பணியிலிருந்து விலக்க வேண்டும் என்று ஏப்ரலில் அதிபரின் ஆணை வெளியானது. ஆகஸ்டில் ஃபுளோரிடாவில் 3 உயிர்களைப் பறித்த விபத்தை அடுத்து, கனரக லாரி ஓட்டுநர்களுக்கான வேலை விசாக்கள் நிறுத்திவைக்கப்பட்டன. விபத்துக்குள்ளான லாரியை ஓட்டியவர் இந்தியர் என்பதால் நம் ஊடகங்களும் அதைப் பற்றி நிறையவே பேசின. ஓட்டுநர் எந்த நாட்டவர், எந்த மொழி பேசுகிறார், எந்த மாநிலம் உரிமம் கொடுத்தது என்பவையே விவாதமாயின. உரிமம் பெற்ற புதியவர் எங்கே, யாரிடம், எப்படித் தொழில் கற்கிறார் என்ற கேள்வியை ஏறத்தாழ யாருமே எழுப்பவில்லை. தொழிலாளர் பொருளியலைப் பல்லாண்டுகள் வகுப்பில் நடத்தியவன் என்ற முறையில், எனக்கு அந்தக் கேள்விதான் முதன்மையானதாகப் படுகிறது.

அமெரிக்காவின் பெரிய சரக்குப் போக்குவரத்து நிறுவனங்கள் பலவற்றில் புதியவர் 'டீம் டிரைவிங்' என்னும் இரட்டை ஓட்டுநர் முறையில்தான் தொழிலுக்குள் நுழைகிறார். ஒரு லாரியில் இருவர் இருப்பர். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் இருக்கைக்குப் பின்னாலுள்ள படுக்கையில் உறங்குவார். பின்னர் இடம் மாறிக்கொள்வர். இந்த ஏற்பாட்டின் வேர் ஒரு விதியில் இருக்கிறது. அமெரிக்கச் சட்டப்படி சரக்கு லாரி ஓட்டுநர் தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்வெடுத்த பின், 14 மணி நேரத்துக்குள் அதிகபட்சம் 11 மணி நேரம் மட்டுமே ஓட்டலாம். 2017 டிசம்பரிலிருந்து மின்னணுப் பதிவுக் கருவி கட்டாயமாக்கப்பட்டு வருவதால், முன்போல நோட்டுப் புத்தகத்தில் கணக்கைச் சரிக்கட்டவும் வழியில்லை. லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து நியூயார்க் ஏறத்தாழ 2,800 மைல். தனியாக ஓட்டுபவருக்கு 5 நாள்கள் ஆகும். இருவர் மாறி மாறி ஓட்டினால் இரண்டரை, மூன்று நாள்களில் சரக்கு சேர்ந்துவிடும். லட்சக்கணக்கான டாலர் மதிப்புள்ள வண்டி ஓட்டுநரின் உறக்கத்துக்காக நிற்பதில்லை. முதலீட்டைச் சும்மா விடாமல் சுழலவைப்பது என்று பாடநூலில் படிப்பதன் நேரடி உதாரணம் இது.

இதில் தவறு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அனுபவசாலிகள் இருவர், அதிலும் கணவனும் மனைவியுமோ நெடுநாள் நண்பர்களோ இப்படி ஓட்டினால், தவறு அதிகமில்லை. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லாரிகளில் கருவிகளைப் பொருத்தி ஆராய்ந்தார்கள். ஓடும் வண்டியில் உறங்குவோரின் தூக்கம் தரம் குன்றியது என்று கண்டார்கள். ஆயினும் கடும் களைப்பால் விளையும் ஆபத்தான தருணங்கள் இரட்டை ஓட்டுநர்களைவிடத் தனி ஓட்டுநர்களிடமே மிகுதியாக இருந்தன. காரணம் எளியது. களைத்தவர் மற்றவரை எழுப்பிவிட்டுப் படுக்கைக்குப் போய்விடலாம்.

ஆனால், புதியவரால் அப்படி எழுப்ப முடியுமா? அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. படுக்கையில் இருப்பவர் அவருடைய பயிற்றுநர். பயிற்சி முடிந்தது என்று கையெழுத்திட வேண்டியவரும் அவரே. நள்ளிரவில் வயோமிங் மாநிலத்து மலைச்சரிவில் பனி பெய்கிறது. 36 டன் எடை பின்னாலிருந்து தள்ளுகிறது. எந்தக் கியரில் இறங்குவது என்ற ஐயம் எழுகிறது. மாணவர் எழுப்பினால் பயிற்றுநரின் ஓய்வு முறியும், முறிந்தால் அடுத்த 11 மணி நேரக் கணக்கு குழம்பும், சரக்கு தாமதமாகும். எழுப்பாவிட்டால் தனக்குத் தெரிந்த அளவில் சமாளிக்க வேண்டியதுதான்.

பல நிறுவனங்களில் பயிற்சியின் முதல் சில நாள்களோ வாரங்களோ பயிற்றுநர் பக்கத்து இருக்கையில் விழித்திருப்பார். பிறகு வண்டி இரட்டை ஓட்டுநர் முறைக்கு மாறிவிடும். அதாவது, பயிற்சி என்று ஏட்டில் பதிவாகும் மணிகளில் பெரும்பகுதி, ஆசிரியர் தூங்கும் வகுப்பறையில் கழிகிறது. வழக்கமாகப் பயிற்றுநருக்குத் தான் ஓட்டிய மைல்களுக்கு மட்டுமல்லாமல், மாணவர் ஓட்டிய மைல்களுக்கும் சேர்த்தே பணம் கணக்கிடப்படுகிறது. சில இடங்களில் ஓராண்டு அனுபவம்கூட நிறையாதவர் பயிற்றுநராகிவிடுகிறார். கற்றுக்கொடுக்கும் விருப்பத்தைவிட வண்டி நிற்காமல் ஓட வேண்டும் என்ற விருப்பத்துக்கே இந்த அமைப்பு கூலி கொடுக்கிறது. நல்ல பயிற்றுநர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. அவர்கள் அமைப்பை மீறி நல்லவர்களாக இருக்கிறார்கள்.

கூலிக் கணக்கைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். அங்கு நெடுந்தொலைவு ஓட்டுநர்களுக்கு மைலுக்கு இவ்வளவு சென்ட் என்று ஊதியம். இரட்டை முறையில் வண்டி ஓடிய மொத்த மைல்கள் இருவருக்கும் பிரிக்கப்படும். கிடங்கு வாசலில் காத்திருக்கும் நேரத்துக்குப் பெரும்பாலும் பைசா இல்லை. படுக்கையில் குலுங்கிக்கொண்டு கிடக்கும் நேரத்துக்கும் இல்லை. 1938ஆம் ஆண்டின் நியாயமான தொழிலாளர் தரங்கள் சட்டத்தின் மிகைநேர ஊதியப் பிரிவிலிருந்து மாநிலம் கடந்து ஓட்டும் இவர்களுக்கு விலக்கு உண்டு. வாரக்கணக்கில் 24 மணி நேரமும் வண்டியை விட்டு இறங்காதவருக்குக் குறைந்தபட்சக் கூலியாவது கிடைக்கிறதா என்பது நீதிமன்றங்களில் திரும்பத் திரும்ப எழுந்த வழக்கு.

நியூ பிரைம் நிறுவனத்துக்கு எதிரான வழக்கு 2019 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. முதல் 10,000 மைல்களைக் கூலியின்றியும், அடுத்த 30,000 மைல்களை மணிக்கு ஏறத்தாழ 4 டாலர் கூலியிலும் ஓட்டியதாக வழக்காடிய ஓட்டுநர் முறையிட்டிருந்தார். இத்தகைய ஒப்பந்தங்களைக் கட்டாய நடுவர் தீர்ப்புக்குத் தள்ள முடியாது என்று நீதிமன்றம் ஒருமனதாகக் கூறியது. இரட்டை ஓட்டுநர் முறையிலேயே பெரும்பாலும் இயங்கிய சிஆர்எஸ்டி நிறுவன வழக்கில், 2023 டிசம்பரில் முதலாவது மண்டல மேல்முறையீட்டு நீதிமன்றம் இன்னும் நேரடியான கேள்விக்கு விடை சொன்னது. ஓடும் வண்டியின் படுக்கையில் நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் கழிக்க நேரும் நேரம் ஊதியத்துக்குரிய வேலை நேரமே என்றது. உறங்குவதும் வேலையா என்று நகைப்பவர்கள், அந்தப் படுக்கையிலிருந்து எழுந்து வீட்டுக்குப் போக முடியுமா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பெண்களுக்கு இந்தப் படுக்கை வேறொரு அச்சத்தையும் தருகிறது. முன்பின் அறியாத ஆணுடன், பூட்டிய கேபினில், பல வாரங்கள். அதே சிஆர்எஸ்டி நிறுவனத்தின் மீது சம வேலைவாய்ப்பு ஆணையம் 2007இல் தொடர்ந்த வழக்கில், ஏறத்தாழ 250 பெண்கள் பாலியல் துன்புறுத்தலுக்கு உள்ளானதாகக் குற்றஞ்சாட்டப்பட்டது. ஆணையம் உரிய விசாரணையையும் சமரச முயற்சியையும் செய்யவில்லை என்று கூறிப் பல முறையீடுகளைக் கீழ்நீதிமன்றம் தள்ளியது. 2016இல் உச்ச நீதிமன்றம் தீர்மானித்தது வழக்குச் செலவை யார் ஏற்பது என்பது பற்றியதே. கேபினுக்குள் என்ன நடந்தது என்ற கேள்வி, நடைமுறைச் சட்டத்தின் அடியில் பெருமளவு புதைந்துபோயிற்று.

இவ்வளவு இடர்கள் இருந்தும் புதியவர் ஏன் விலகுவதில்லை? பலர் விலகத்தான் செய்கிறார்கள். பெரிய நிறுவனங்களில் ஓட்டுநர்கள் வேலையை விட்டுச் செல்லும் ஆண்டு விகிதம் பல ஆண்டுகளில் 90 சதவீதத்தைத் தாண்டியதாக அமெரிக்க லாரி நிறுவனங்களின் சங்கமே கூறியுள்ளது. அதே சங்கம் 2021இல், 80,000 ஓட்டுநர்கள் பற்றாக்குறை என்றும் அறிவித்தது. வேலையை விட்டவர் இடத்தில் ஆள் தேடுவதைப் பற்றாக்குறை என்று அழைப்பது பொருளியலாளர்களுக்கு உறுத்தும். தொழிலாளர் புள்ளியியல் துறையின் இதழில் 2019இல் பர்க்ஸ், மொனாக்கோ என்னும் இரு ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரை, லாரி ஓட்டுநர் சந்தையும் மற்றத் தொழிலாளர் சந்தைகளைப் போலவே இயங்குகிறது, ஊதியம் உயர்ந்தால் ஆள்கள் வருவார்கள் என்ற முடிவுக்கே வந்தது.

எஞ்சியவர்களை நிறுத்திவைப்பது பெரும்பாலும் கடன். எந்த நிறுவனத்திலும் பயன்படக்கூடிய பொதுத் திறனுக்கு முதலாளி செலவிட மாட்டார், தொழிலாளியே அச்செலவைச் சுமப்பார் என்று கேரி பெக்கர் 1964இல் எழுதினார். கனரக லாரி உரிமம் அத்தகைய பொதுத் திறன். கையில் பணமில்லாதவருக்கு நிறுவனமே பள்ளிக் கட்டணத்தைக் கட்டுகிறது. எட்டு, பத்து மாதங்கள் வேலை செய்தால் தள்ளுபடி, இடையில் விட்டால் முழுத்தொகையையும் கட்ட வேண்டும் என்பது ஒப்பந்தம். ஆகவே, பயிற்றுநர் சரியில்லை, வண்டியில் தூக்கம் வரவில்லை என்று இறங்குபவர் வேலையையும் இழந்து கடனாளியாகவும் ஆகிறார்.

நம்மூர் முறை சிறந்தது என்று சொல்ல நான் வரவில்லை. நாமக்கல், சங்ககிரி லாரிகளில் கிளீனராக ஏறி, டயர் மாற்றி, தார்ப்பாய் கட்டி, ஆள் நடமாட்டமில்லாத சாலையில் ஸ்டியரிங் பிடிக்கக் கற்றவர்களைக் கொங்கு வட்டாரத்தில் எல்லோரும் அறிவர். அதிலே சுரண்டலும் அடி உதையும் இருந்தன. கற்பவர் அருகில் கற்பிப்பவர் விழித்திருந்தார் என்பதும் உண்மை. தேசிய அனுமதி பெற்ற லாரியில் இரண்டு ஓட்டுநர்கள் இருக்க வேண்டும், மாற்று ஓட்டுநர் நீட்டிப் படுக்க இடம் வேண்டும் என்று நமது 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறின. 2018இல் இரண்டாவது ஓட்டுநர் கட்டாயத்தைக் கைவிடும் யோசனையை மத்திய அரசே முன்வைத்தது. அங்கே இரண்டாமவர் லாபத்துக்காக ஏற்றப்படுகிறார். இங்கே செலவு என்று இறக்கப்படுகிறார்.

அமெரிக்க அரசுக்குத் தீர்வு தெரியாமல் இல்லை. 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய ஓட்டுநர் பயிற்சி விதியின் முதல் வரைவில், குறைந்தது 30 மணி நேரம் வண்டி ஓட்டிப் பழகியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. இறுதி விதியில் அது நீக்கப்பட்டது. பயிற்சிப் பள்ளி 'தேர்ச்சி பெற்றார்' என்று சொன்னால் போதும். ஆனால், 18 முதல் 20 வயது வரையுள்ளோர் மாநிலம் கடந்து ஓட்டுவதற்காக 2021ஆம் ஆண்டு உள்கட்டமைப்புச் சட்டம் கொண்டுவந்த சோதனைத் திட்டத்தில் முற்றிலும் வேறு அளவுகோல். முதலில் 120 மணி நேரம், பின்னர் 280 மணி நேரம் எனப் பயிற்சிக் காலம். அவற்றில் முறையே 80, 160 மணி நேரம் ஓட்டியிருக்க வேண்டும். அனுபவமுள்ள ஓட்டுநர் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருக்க வேண்டும். இருபது வயதுக்காரருக்குத் தேவைப்படும் விழித்த கண், 21 வயதானவுடன் தேவையற்றதாகிவிடுவது எந்த மருத்துவ விதிப்படி என்று தெரியவில்லை.

இதே நிபந்தனையை எல்லாப் புதியவர்களுக்கும் விரித்தால் என்ன செலவாகும்? 240 மணி நேரம் என்பது நாளுக்கு 10 மணி நேரம் ஓட்டினால் 24 நாள்கள். அந்த 24 நாள்களிலும் வண்டி நாளுக்கு ஆயிரம் மைலுக்குப் பதிலாக 550, 600 மைல் ஓடும். பயிற்றுநருக்கு மைல் கணக்கில் அல்லாமல் நாள் கணக்கில் ஊதியம் தர வேண்டியிருக்கும். ஒரு புதிய ஓட்டுநருக்கு ஏறத்தாழ 10,000 மைல் ஓட்டம் நிறுவனத்துக்குக் குறையும். ஆண்டுதோறும் பத்தில் ஒன்பது பேருக்கு மாற்று ஆள் தேடி, விளம்பரம் செய்து, மீண்டும் பள்ளிக்கு அனுப்பும் செலவை இதே நிறுவனங்கள்தாம் முணுமுணுப்பின்றிச் செய்துவருகின்றன.